எலி எவ்வளவு தின்னுச்சுன்னு எழுதி வச்சீங்களா? மூலிகை எக்ஸ்ட்ராக்ட் வேலையில தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் லேப்ல புதுசா சேர்ந்த பையன் ஒரு கிராஃபை எடுத்துட்டு வந்து நீட்டினான். மூலிகை எக்ஸ்ட்ராக்ட் கொடுத்த எலிகளுக்கு ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு சரசரன்னு இறங்கியிருக்கு, ஈரல்ல எம்டிஏ (கொழுப்பு ஆக்ஸிஜனால கெட்டுப்போனதைக் காட்டுற பொருள்) இறங்கியிருக்கு, அந்தக் கெடுதலைத் தடுக்குற குளூட்டாதயோன் ஏறியிருக்கு, மூஞ்சி பூரா சந்தோஷம். "தீனி எவ்வளவு தின்னுச்சு?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். முழிச்சான். அதே முழியை நானும் ஒரு காலத்துல முழிச்சிருக்கேன், அதான் இதை எழுதுறேன். பிப்பெட் பிடிக்கிறது, லேபிள் ஒட்டுறது எல்லாம் இங்க இல்ல, அது ரெண்டு தடவை திட்டு வாங்கினா தானா வந்துடும்.

தீனியை எடை போடாம விடுறது

இன்னிக்கும் நினைச்சா எரிச்சல் வர்றது இதுதான். தினமும் எலி வாயில டியூப் விடுற வேலை மிச்சம்னு கெட்டிக்காரத்தனமா எக்ஸ்ட்ராக்டை கொழுப்புத் தீனியிலேயே கலந்துட்டேன். பட்டையில இருந்து எடுத்தது, டானின் ஏராளம், நாக்குல வச்சா ஒரே துவர்ப்பு. எலிக்கு மட்டும் நாக்கு இல்லையா என்ன? கொஞ்சம் கொறிச்சுட்டு மீதியை கிளறி கீழ தள்ளிடுச்சு, அது மரத்தூளோட மரத்தூளா போய்டுச்சு, நான் காலைல வந்து தட்டு காலியா இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு திருப்தியா போய்ட்டே இருந்தேன். இப்படியே பத்து வாரம்.

ரிசல்ட் வந்தப்போ கொலஸ்ட்ரால் மருந்தான ஸ்டேட்டின் கொடுத்த குரூப்பையே மிஞ்சிடுச்சு. எக்ஸ்ட்ராக்ட் குரூப் எலிங்க மட்டும் மெலிஞ்சிருந்துச்சு, அப்பவே சந்தேகம் வந்திருக்கணும், எனக்கோ "அட, எடையும் குறைக்குதே"ன்னு கூடுதல் குஷி. பேப்பரை அனுப்பினோம். ரிவ்யூவர் ஒரே வரியில கேட்டார், தினசரி தீனி அளவு எங்கேன்னு. என்கிட்ட ஒரு நம்பர் கூட கிடையாது.

யோசிச்சுப் பாருங்க, கொழுப்புத் தீனியை கம்மியா தின்னா ரத்தத்துல கொழுப்பு கம்மியாத்தான் இருக்கும், அதுக்கு மூலிகை எதுக்கு? ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸும் (ஆக்ஸிஜனால செல்லுக்கு வர்ற கெடுதல்) இதே கதைதான், கலோரி குறைஞ்சா ஈரல்ல கொழுப்பு சேர்றது குறையும், ஆக்ஸிஜன் கெடுக்குறதுக்கு அங்க சரக்கு கம்மியாகுறதால எம்டிஏவும் கூடவே இறங்கும். ரெண்டு ரிசல்ட்டுக்கும் காரணம் ஒண்ணே ஒண்ணு, எலிக்கு அது பிடிக்கல. போதாததுக்கு மருந்தும் தீனியிலதான் இருக்கு, அதனால எவ்வளவு டோஸ் உள்ள போச்சுன்னும் தெரியாது. அத்தனை எலியோட உயிரும் வீண், அது இன்னும் உறுத்துது.

அதனால டோஸை கேவேஜ்லயே, அதாவது வாயில டியூப் விட்டே கொடுங்க. அதுலயும் வயிறு புரட்டி பசி போகலாம், எடை போடுறதுல இருந்து தப்பிக்க முடியாது. 200 கிராம் எலி சாதா தீனின்னா ஒரு நாளைக்கு சுமார் 15 - 20 கிராம் தின்னும், கொழுப்புத் தீனின்னா அதை விட கம்மி. வச்சது, மிஞ்சினது, சிந்தினது மூணையும் எழுதுங்க. வித்தியாசம் தெரிஞ்சா இன்னொரு குரூப் வையுங்க, எக்ஸ்ட்ராக்ட் குரூப் நேத்து தின்ன அதே அளவு தீனி, மருந்து மட்டும் இல்லாம. அதையும் தாண்டி குறைஞ்சாத்தான் செடிக்கு பேர்.

எல்டிஎல் மைனஸ்ல வருதா?

எலிக்கு ரத்தக் கொழுப்பை ஏத்த ட்ரைட்டான்ங்கிற கெமிக்கலை ஊசி போட்டா, கொழுப்பை உடைக்கிற லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்சைம் முடங்கி ட்ரைகிளிசரைடு எகிறும். அதை எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ரால்) அளக்காம கணக்குப் போட்டு எடுக்க 1972ல மனுஷங்களுக்காக வந்த ஃப்ரீட்வால்ட் ஃபார்முலாவுல போட்டா மைனஸ்தான் வரும், ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மி.கி.க்கு மேல போனா மனுஷனுக்கே அது செல்லாது. அது போக எலிக்கு கொலஸ்ட்ராலோட பெரும்பகுதி எச்டிஎல்லதான் (நல்ல கொலஸ்ட்ரால்) ஓடுது. மைனஸை சத்தமில்லாம சைபர் ஆக்கினவங்களையும் பார்த்திருக்கேன். நேரடியா அளக்க முடியலன்னா டேபிள்ல அந்த எல்டிஎல் வரிசையையே எடுத்துடுங்க.

சிவந்த சீரம்

கொட்டிடுங்க. சிவப்பணு உடைஞ்சு வந்த கேட்டலேஸ்ங்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம் உங்க செடி கணக்குல ஏறிடும்.

டிஎம்எஸ்ஓல கரைக்கிறது

டிஎம்எஸ்ஓங்கிற அந்தக் கரைப்பானே, செல்லைக் கெடுக்குற ஹைட்ராக்சில் ரேடிக்கலை பிடிக்கும். வெறும் கரைப்பான் கொடுத்த குரூப் இல்லன்னா யார் வேலை பார்த்தாங்கன்னு எப்படி சொல்லுவீங்க?

டிபிபிஎச்சை நம்பி ஈரல் கதை பேசுறது

ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி இருக்கான்னு பார்க்குற ஊதா கெமிக்கல்தான் டிபிபிஎச். ஊதா மஞ்சளாச்சு, 517 நானோமீட்டர்ல ஒளி உறிஞ்சுறது குறைஞ்சது, சரி. அது டியூபுக்குள்ள நடந்தது. குடல் வழியா எவ்வளவு உள்ள போகும், ஈரல் அதை என்னவா மாத்தும்னு அந்த டியூபுக்கு தெரியாது. எக்ஸ்ட்ராக்டோட சொந்த நிறத்துக்கு தனி பிளாங்க் (டிபிபிஎச் இல்லாத டியூப்) வைக்காதவங்க நிறைய பேர், அவங்க அந்த ஊதா மஞ்சள் கதையும் பேச வேணாம்.

ஹெர்பேரியம் ஷீட்

எந்தச் செடின்னு சரிபார்க்க காய வச்சு தாள்ல ஒட்டி வைக்கிற மாதிரி அது. இல்லன்னா ஆரம்பிக்காதீங்க.

எலி டோஸை அப்படியே மனுஷனுக்கு பெருக்குறது

கிலோவுக்கு 400 மி.கி.ன்னா 60 கிலோ ஆளுக்கு 24 கிராம்னு ஒருத்தர் மேடையிலேயே சொன்னார். எலி அளவை 6.2ஆல வகுக்கணும், சுமார் 3.9 கிராம்தான் வரும். அதுவும் ஒரு தோராயம்தான், பலன் கிடைக்கும்னு அர்த்தம் இல்ல. குக்குலுங்கிற மூலிகைப் பிசினுக்கு விலங்குகள்ல எத்தனை நல்ல ரிசல்ட் இருந்துச்சு, 2003ல அமெரிக்காவுல மனுஷங்ககிட்ட எட்டு வாரம் ஒழுங்கா கொடுத்துப் பார்த்தாங்க, எல்டிஎல் இறங்கல, கொஞ்சம் ஏறிடுச்சு.