விண்டோஸ் 11-க்கு மாறுவதா, வேண்டாமா: முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகும் அந்தக் கணினிகள் வழக்கம்போலவே இயங்குவதால் பலர் முடிவைத் தள்ளிப்போட்டு வருகிறார்கள். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்கள் இனி அவற்றுக்குத் தாமாக வந்து சேராது. இது எவ்வளவு பெரிய குறை என்பதற்கு 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதல் நல்ல சான்று. அது பயன்படுத்திக்கொண்ட ஓட்டையை அடைக்கும் திருத்தம் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தும், அதை நிறுவாமல் விட்ட கணினிகள் சிக்கிக்கொண்டன. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள்கூட ரத்தாயின. வங்கிக் கணக்கு, வருமான வரி, வாடிக்கையாளர் விவரம் ஆகியவற்றைக் கையாளும் கணினியைத் திருத்தங்கள் இல்லாமல் இணையத்தில் வைத்திருப்பது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

இருந்தாலும், ‘மேம்படுத்து’ என்ற பொத்தானை உடனே அழுத்திவிடவும் கூடாது. அந்தக் கணினியில் அன்றாடம் நடக்கும் வேலை எது, அதனோடு இணைந்திருக்கும் கருவிகள் எவை என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் படம் பார்க்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் பயன்படும் கணினிக்கு இந்தப் பட்டியல் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலோ கடையிலோ அப்படி முடியாது. கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பில் அடிக்கும் தெர்மல் பிரின்டர், பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், பழைய ஸ்கேனர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரைவர், அதாவது அந்தக் கருவியை விண்டோஸோடு இணைத்து இயக்கும் நிரல், இருக்கும். விண்டோஸ் 10-இன் 64-பிட் பதிப்பில் இயங்கும் டிரைவர்களில் பெரும்பாலானவை 11-லும் இயங்குகின்றன என்றாலும், தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கு விண்டோஸ் 11 குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவதே நல்லது. அருகில் யாரிடமாவது விண்டோஸ் 11 கணினி இருந்தால், டோக்கனை எடுத்துச் சென்று அதில் செருகி, ஒரு ஆவணத்தில் கையொப்பமிட்டுப் பார்த்துவிடலாம். அரை மணி நேரத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. விண்டோஸ் 11-க்கு, பழைய பிராசசர்களுக்கான 32-பிட் பதிப்பே கிடையாது. உங்கள் விண்டோஸ் 10 எந்த வகை என்பதை அமைப்புகளில் ‘சிஸ்டம்’, ‘அபவுட்’ என்று சென்று ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் பார்க்கலாம். அங்கே 32-பிட் என்று இருந்தால், இருப்பதன் மேலேயே மேம்படுத்த முடியாது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவி, மென்பொருள்களையும் மீண்டும் ஏற்ற வேண்டும். டாஸ் காலத்து 16-பிட் பில்லிங் நிரல்கள் அதன்பின் நேரடியாக இயங்கா. டிடிபி மையங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சேர்த்து வைத்த கோப்புகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, எழுத்துருக்கள் அப்படியே வேலை செய்யும். சோதித்துப் பார்க்க வேண்டியவை பழைய தட்டச்சு மென்பொருளும் பக்க வடிவமைப்பு மென்பொருளும்தான்.

அடுத்து வன்பொருள். 64-பிட் பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், கணினியைத் தொடக்கும் புதிய முறையான யுஇஎஃப்ஐயில் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும்) வசதி, ரகசியக் குறியீடுகளைப் பாதுகாக்கும் டிபிஎம் 2.0 ஆகியவற்றை மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கியிருக்கிறது. பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையும் ஏஎம்டி ரைசன் 2000 வரிசையும் அவற்றுக்குப் பின் வந்தவையும் தகுதி பெறுகின்றன. ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசச் செயலி இவை அனைத்தையும் ஒரே முறையில் சோதித்துச் சொல்லிவிடும். பிராசசர் பழையது என்று அது சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. டிபிஎம் இல்லை என்று சொன்னால் மட்டும் அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உதிரிபாகங்கள் வாங்கிக் கடையில் பூட்டிய கணினிகள் பலவற்றில் இந்த வசதி பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புப் பகுதியில்) அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் பலகைகளில் பிடிடி என்றும் ஏஎம்டி பலகைகளில் எஃப்டிபிஎம் என்றும் பெயரிட்டிருப்பார்கள். அதை இயக்கிவிட்டு மீண்டும் சோதித்தால் போதும்.

பயாஸில் மற்றொரு மாற்றத்தை, அதாவது பழைய தொடக்க முறையிலிருந்து யுஇஎஃப்ஐக்கு மாற்றுவதைச் செய்வதில் மிகுந்த நிதானம் வேண்டும். ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று தேடித் திறந்தால் ‘பயாஸ் மோட்’ என்ற வரி தெரியும். அதில் ‘லெகசி’ (பழைய முறை) என்றிருந்தால், வன்தட்டு பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். வன்தட்டை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றாமல் பயாஸை மட்டும் யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. இதற்கென விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. காப்புநகல் எடுத்த பிறகு, முதலில் அதன் சரிபார்ப்பு நிலையை மட்டும் இயக்கி, தடை ஏதும் இல்லை என்று தெரிந்தபின் மாற்றுங்கள். இதில் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த தொழில்நுட்பரிடம் விடுவது நல்லது.

4 ஜிபி ரேம் போதும் என்பது காகிதத்தில் மட்டுமே. 8 ஜிபி ரேமும், சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியும் இல்லாத கணினியில் விண்டோஸ் 11-ஐ நிறுவப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய சுழலும் வன்தட்டில் அது தொடங்கி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

தகுதி பெறாத கணினி வைத்திருப்பவர்களுக்கும் வழிகள் உண்டு. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். அதற்குக் கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-உம், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கில் காப்புநகலாகச் சேமித்தால் கட்டணம் இல்லை, இல்லையென்றால் 30 டாலர் செலுத்தலாம். புதிய கணினிக்குப் பணம் சேர்க்க அவகாசம் தேவைப்படுபவர்களுக்கு இது ஏற்ற வழி. உலாவியிலேயே எல்லா வேலையும் முடிந்துவிடும் என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு நன்றாக உழைக்கும். தமிழ்99 விசைப்பலகையும் அவற்றில் கிடைக்கிறது. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

நிபந்தனைகளைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அலுவல் கணினியில் அவற்றைச் செய்யாதீர்கள். அப்படி நிறுவிய கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி அளிக்கவில்லை. மேலும், 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, பாப்கவுண்ட் என்ற கட்டளை இல்லாத மிகப் பழைய பிராசசர்களில் தொடங்கவே தொடங்காது. பாதுகாப்புக்காக மாறுகிறவர் அந்தப் பாதுகாப்பையே சந்தேகத்தில் விடுவதில் பயனில்லை.

மாறுவது என்று முடிவாகிவிட்டால், நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கான 20ஆம் தேதி நெருங்கும் வாரத்தில் அலுவலகக் கணினியைத் தொடாதீர்கள். கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த வன்தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கணக்கு மென்பொருளின் தரவு அதிலிருந்து திறக்கிறதா என்பதை வேறொரு கணினியில் சோதியுங்கள். வன்தட்டில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் பயாஸில் மாற்றம் செய்தபின் கணினி அதைக் கேட்கக்கூடும். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

நிறுவி முடித்த அன்றே தாளில் எழுதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கருவியையும் மென்பொருளையும் இயக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டால், 10 நாள்களுக்குள் அமைப்புகளில் ‘ரெக்கவரி’ பகுதியிலிருந்து பழைய விண்டோஸுக்குத் திரும்பிவிடலாம். அதற்குத் தேவையான கோப்புகள் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையில் இருப்பதால், இடம் அடைக்கிறது என்று எண்ணி அதை முன்கூட்டியே அழித்துவிட வேண்டாம்.