பிஆர்சி என்ற கட்டளை எங்கே ஒளிந்திருந்தது?

ஹட்டனில் நில அளவை வரைபடங்கள் வரையும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்டோகேட்டில் (வரைபடம் வரையும் மென்பொருள்) 'பிஆர்சி' என்று அடித்தால், தேர்ந்தெடுத்த காணியின் பரப்பளவு பேர்ச்சில் (இலங்கையில் காணி அளக்கும் அலகு) எழுதப்படும். எழுதிக்கொடுத்த அண்ணன் கட்டாருக்குப் போய்விட்டார். சின்னக் காணிகளில் தெரியாத கோளாறு ஒன்று, ஏக்கர் கணக்கில் தேயிலைக் காணி வந்ததும் தெரிந்தது: ஒரு ஏக்கரை 160 பேர்ச் என்னாமல் 159.95 என்றது.

திருத்த மூலக் கோப்பு வேண்டுமே! முதலில் கட்டளை வரியில் '!சி:பிஆர்சி' என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தேன். 'யூசப்ர்' என்று பதில் வந்தது. லிஸ்ப் (ஆட்டோகேட்டுக்குள் சொந்தக் கட்டளைகள் எழுதும் மொழி) செயல்கூறு ஒன்று இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஆகவே இது லிஸ்ப் கட்டளைதான். 'நில்' (எதுவும் இல்லை) என்று வந்திருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஆட்டோகேட் தொடங்கும்போது தானாக ஏற்ற வேண்டிய கோப்புகளின் பட்டியலான, ஆப்லோடின் ஸ்டார்ட்அப் சூட் காலி. அடுத்து, ஒவ்வொரு வரைபடத்தைத் திறக்கும்போதும் தானாக ஏறும் லிஸ்ப் கோப்பைத் தேட '(ஃபைண்ட்ஃபைல் "ஏகேட்டாக்.எல்எஸ்பி")' என்று அடித்தேன். உண்மையில் ஏற்றப்படும் கோப்பின் முழுப் பாதையையும் அது காட்டிவிடும். ஒரே பெயரில் நாலு பிரதிகள் கிடக்கும் எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு இது பெரிய உதவி. அதிலும் பிஆர்சி இல்லை.

ஆப்ஷன்ஸில் உள்ள சப்போர்ட் கோப்புறைகளில் 'சி:பிஆர்சி' என்ற சொல்லை, எல்எஸ்பி என்று மட்டுப்படுத்தாமல், எல்லாக் கோப்புகளுக்குள்ளும் தேடினேன். அகப்பட்டது ஓர் எம்என்எல் கோப்பில் (மெனுவுக்குரிய லிஸ்ப் கோப்பு)! மெனுவின் சியூஐஎக்ஸ் கோப்பு ஏறும்போது அதே பெயருள்ள எம்என்எல்லும் கூடவே ஏறிவிடும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

உள்ளே, சதுர மீட்டரைப் பேர்ச்சாக மாற்ற 25.3 என்ற வகுஎண். அதை 25.2929 ஆக்கினேன்.