குதிக்க வராதவன் கூடைப்பந்தில் மேலே போக முடியுமா?

தஞ்சாவூரில் சாயங்காலம் மைதானத்துக்கு வரும் பசங்க என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, காலேஜ் மேட்சில் நிறையப் பாயிண்ட் போடுகிறேன், ஆனால் வேகமும் இல்லை, குதிக்கவும் வராது, புரொஃபஷனலாக ஆட முடியுமா?"

முடியும் தம்பி, ஆனால் ஆட்டத்தை மாற்ற வேண்டும். 2006-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்கோரில் முன்னால் நின்ற ஆடம் மாரிசன், ஜேஜே ரெடிக் இருவருமே பெரிய வேகக்காரர்கள் இல்லை. என்பிஏ என்ற அமெரிக்க புரொஃபஷனல் லீக்கின் டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது, மாரிசன் 3-வது, ரெடிக் 11-வது. மாரிசனுக்கு முழங்கால் காயமும் சேர்ந்துகொள்ள, அவர் ஆட்டம் சீக்கிரமே முடிந்துபோனது. ரெடிக் 15 சீசன் ஆடினார், ஏனென்றால் பந்து கையில் இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருந்து, ஸ்கிரீனை (தடுப்பவனை மறித்து நிற்கும் சக வீரரை) சுற்றி வந்து, வாங்கின வேகத்தில் எறிவதை அவர் தன் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்.

அதனால் டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவதை) குறை. நம்ம கோர்ட்டின் 6.75 மீட்டர் மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே ஓடி வந்து, நின்று, எறி, தினமும். என்பிஏ கோடு 7.24 மீட்டர், அது அப்புறம்.

டிஃபென்ஸ்தான் கஷ்டம். கால் வேகம் இல்லையென்றால் ஒரு கை தூரம் தள்ளி நில், எதிராளிக்குச் சரியாக வராத கைப்பக்கம் திருப்பிவிடு, உதவிக்கு ஒரு நொடி முன்னாடியே கிளம்பு. நாளைக்கு ரயில்வே அணித் தேர்வுக்குப் போனாலும் நீ யாரைத் தடுப்பாய் என்றுதான் பார்ப்பார்கள்.