டேட்டாபேஸ் படிக்க முதல் புத்தகம் மொய் நோட்டு

காரைக்குடி செக்காலையில் எஸ்க்யூஎல், அதாவது டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழி, சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் சார் வாங்கட்டும்?" நான் திருப்பிக் கேட்பது, "வீட்டில் பழைய மொய் நோட்டு இருக்கிறதா?"

எங்கள் அப்பத்தா வைத்திருந்த நோட்டில் பத்துப் பக்கத்துக்குள் மூன்று அழகப்பன், நாலு மெய்யப்பன். பாட்டனார் பேரைப் பேரனுக்கு வைக்கிற ஊராயிற்றே! ஊரும் விலாசமும் சேர்த்தால்தான் ஆள் பிடிபடும். சில சமயம் அதுவும் போதாது. பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனி அடையாளம், எதற்கு என்று அங்கேயே விளங்கிவிடும். ஆட்கள் ஒரு டேபிள் (அட்டவணை), விசேஷங்கள் ஒரு டேபிள், எந்த விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்பது மூன்றாவது. முதலில் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள்.

அப்புறம் எஸ்க்யூலைட் என்கிற டேட்டாபேஸ் மென்பொருள். காசு கிடையாது, சர்வர் வேண்டாம், மொத்தமும் ஒரே ஃபைல். ஆனால் கொஞ்சம் இளகின மனசு அதற்கு. ஒரு கல்யாண மொய்யை ஏற்றும்போது சில வரிகளில் 1,001 என்று கமாவோடு அடித்துவிட்டேன். எண்ணுக்கான இடத்தில் அது எழுத்தாகவே உட்கார்ந்துகொண்டது. கூட்டினால் தொகை குறைகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிவரை நோட்டை வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். டேபிள் உருவாக்கும் கட்டளையின் கடைசியில் 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்திருந்தால் அப்போதே மறுத்திருக்கும். 2021-இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு.

புத்தகம் ஒன்று போதும். கடையில் நின்றபடியே 'நல்' (மதிப்பு இல்லாத வெற்றிடம்) பற்றிய பக்கத்தைத் திருப்புங்கள். விசேஷத்துக்கு வந்து மொய் செய்யாதவருக்குப் பூஜ்யம். எவ்வளவு என்று எழுத விட்டுப்போனவருக்கு நல். இந்த வேறுபாட்டை ஒரே வரியில் தாண்டுகிற புத்தகத்தை வைத்துவிடுங்கள். டேபிள்களை இணைக்கிற ஜாயினுக்கு வட்டப்படம் மட்டும் போடாமல், இரண்டு டேபிளையும் வரிவரியாக அச்சடித்துக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் 5-ஆம் பதிப்புக் காலத்துப் பழைய புத்தகம் மலிவாகக் கிடைத்தால் செலக்ட் (வேண்டியதை எடுப்பது), ஜாயின், குரூப் பை (வகைபிரித்துத் தொகுப்பது) படிக்க அதுவே தாராளம். வரிகளைச் சுருக்காமலே பக்கத்து வரிகளையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற விண்டோ ஃபங்ஷன் மட்டும் அதில் இருக்காது. அது 2018-இல் 8.0-வோடுதான் வந்தது.

அடுத்து போஸ்ட்கிரெஸ் என்கிற பெரிய டேட்டாபேஸுக்குப் போகும்போது புத்தகமே வேண்டாம். அதன் கையேடு இலவசம், ஆரம்பப் பாடமும் அதிலேயே இருக்கிறது.

சரி, முதலில் என்ன கேட்டுப் பார்ப்பது? நமக்குச் செய்தவர்களில் யாருக்கு நாம் இன்னும் திருப்பிச் செய்யவில்லை என்று. இதற்கு லெஃப்ட் ஜாயின் வேண்டும்: இடப்பக்கத்து வரிகள் எல்லாம் வரும், மறுபக்கத்தில் ஜோடி இல்லாத இடத்தில் நல் நிற்கும். எங்கள் நோட்டில் ஓட்டினேன். பதினொரு பேர் வந்தார்கள். அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.