லைன்பேக்கரைப் பின்தொடர்ந்து ஆட்டம் பார்ப்பது எப்படி: டெமிகோ ரையன்ஸை முன்வைத்து

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்ப்பவர்களின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். நானும் நெடுநாள் அப்படித்தான் பார்த்தேன். யார் யாரை ஏன் மோதுகிறார்கள் என்பது கடைசிவரை விளங்கவில்லை. பந்தை விட்டுவிட்டு, தற்காப்பு அணியின் நடுவில் நிற்கும் லைன்பேக்கரைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்டம் பிடிபட்டது. பழகுவதற்கு டெமிகோ ரையன்ஸைத் தேர்ந்தெடுங்கள். அவர் களத்தில் 59ஆம் எண் சட்டையோடு ஆடியதையும், பின்னர் பயிற்சியாளராகச் செய்துகாட்டியதையும் ஒரே இழையாகப் பின்தொடர முடியும்.

முதலில் பழைய ஆட்டக் காணொளி ஒன்றை எடுத்துக்கொண்டு, பந்து நகர்வதற்கு முன்பே அவரைத் தேடிப் பிடியுங்கள். முன்வரிசைக்கு நான்கைந்து கெஜம் பின்னால், முழங்காலைச் சற்றே மடக்கி, கையை நீட்டிச் சக வீரர்களை இடம் மாற்றிக்கொண்டிருப்பவர் அவர்தான். 2008 முதல், தற்காப்பு அணியில் ஒருவருடைய தலைக்கவசத்தினுள் பயிற்சியாளரின் குரலைக் கேட்கும் கருவி இருக்கலாம் என்று அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல் அனுமதித்தது. அந்தக் கவசத்தின் பின்புறம் பச்சைப் புள்ளி ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை பந்து நகர்வதற்கு முன்பும் ஓடும் கடிகாரத்தில் 15 வினாடி மிச்சமிருக்கும்போது அந்தக் குரல் துண்டிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு எதிரணி இடம் மாறினால், என்ன செய்வது என்பதை அந்தக் கவசம் அணிந்தவரே முடிவெடுத்து மற்றவர்களுக்கும் கத்திச் சொல்ல வேண்டும்.

பந்து நகர்ந்ததும் அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பந்தின் மேல் இருக்காது, எதிரணி முன்வரிசையில் நடு வீரருக்கு இருபுறமும் நிற்கும் கார்டுகள் மேல் இருக்கும். கார்டு முன்னோக்கிப் பாய்ந்தால் பந்தைச் சுமந்து ஓடப்போகிறார்கள்; நிமிர்ந்து பின்வாங்கினால் எறியப்போகிறார்கள்; வரிசையை விட்டுப் பக்கவாட்டில் ஓடினால் அவர் ஓடும் திசையில்தான் ஆட்டம் போகும். எதிரணியும் இதை அறிந்தே ஓடுவதுபோலப் பாவனை காட்டிவிட்டுப் பந்தை எறியும். அப்போது ஓரடி முன்னால் வந்துவிட்ட லைன்பேக்கரின் முதுகுக்குப் பின்னால் விழும் வெற்றிடத்தில்தான் பந்து இறங்கும். ஒரே காட்சியை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்த்தால், அந்த ஓரடியின் விலை தெரியும்.

அடுத்ததாகப் புள்ளிவிவரம். அலபாமா மாநிலத்தின் பெஸ்ஸிமர் நகரில் பிறந்து, அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆடிய ரையன்ஸை, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் 2006 தேர்வில் 33ஆவது வீரராக ஹூஸ்டன் டெக்சன்ஸ் எடுத்தது; அதே ஆண்டு சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் விருதை வென்றார். பின்னர் லீகின் நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்கும் இரு முறை தேர்வானார். ஆனால் ஒரு வீரரின் டேக்கிள் எண்ணிக்கையை, அதாவது பந்து வைத்திருப்பவரை எத்தனை முறை வீழ்த்தினார் என்பதை மட்டும் கூட்டிப் பார்த்து முடிவுக்கு வருவது தவறு. இரண்டு கெஜத்தில் வீழ்த்தியதும் எட்டு கெஜம் விட்டுக்கொடுத்து வீழ்த்தியதும் கணக்கில் ஒன்றாகவே பதிவாகும். காயத்தையும் அணி வகுப்பையும் சேர்த்தே படியுங்கள். 2010இல் அவருடைய குதிகால் தசைநாண் கிழிந்தது; 2011இல் டெக்சன்ஸ் மூன்று முன்வரிசையாளர், நான்கு லைன்பேக்கர் என்ற வகுப்புக்கு மாறியதும் அவர் களத்தில் நிற்கும் நேரம் குறைந்தது; 2012இல் பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆண்டுகளில் எண்கள் சரிந்ததைத் திறமை சரிந்ததாகப் படித்துவிடக் கூடாது. 2014இல் அதே ஹூஸ்டன் மைதானத்தில் மீண்டும் தசைநாண் கிழிந்தது என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அவருடைய பயிற்சியாளர் பணியை மேலிருந்து கீழாகப் படிக்காமல், அடியிலிருந்து ஏறிவருமாறு படியுங்கள். 2017இல் சான் பிரான்சிஸ்கோ 49எர்ஸில், காணொளிகளை அலசித் தரும் கீழ்ப்படி வேலையில்தான் சேர்ந்தார். அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த கைல் ஷனஹன், ரையன்ஸ் ஹூஸ்டனில் ஆடிய நாள்களில் அதே அணியில் பயிற்சியாளராக இருந்தவர். மறு ஆண்டே உள்வரிசை லைன்பேக்கர்களின் பயிற்சியாளரானார். அதே ஆண்டு அணிக்கு வந்த ஃபிரெட் வார்னரை வளர்த்தெடுத்தார். 2021இல் தற்காப்பு ஒருங்கிணைப்பாளரானார். 2022இல் அந்த அணிதான் லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது.

2023இல் தலைமைப் பயிற்சியாளராக ஹூஸ்டனுக்கே திரும்பினார். முந்தைய மூன்று பருவங்களில் மொத்தம் 11 ஆட்டங்களை மட்டுமே வென்றிருந்த அணி, அவருடைய முதல் பருவத்திலேயே 10 ஆட்டங்களை வென்று பிரிவுப் பட்டத்தைப் பெற்றது; பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் புதிய குவார்ட்டர்பேக்கான சி.ஜே. ஸ்ட்ரௌட்டின் பங்கும் இதில் பெரிது. வெற்றிக் கணக்கை விட, பந்து வைத்திருப்பவர் விழும் கணத்தில் காட்சியை நிறுத்தி, அவரைச் சுற்றி எத்தனை டெக்சன்ஸ் வீரர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தேனீக்கள் மொய்ப்பதைக் குறிக்கும் ‘ஸ்வார்ம்’ என்ற சொல்லையே ரையன்ஸ் அணியின் தாரக மந்திரமாக்கியிருக்கிறார்.

பிறகு அசீஸ் அல்-ஷாயரைப் பாருங்கள். 2019இல் எந்த அணியும் தேர்வில் எடுக்காத அவர், 49எர்ஸில் ரையன்ஸிடம் பயின்று, 2024இல் அவரைத் தேடி ஹூஸ்டனுக்கு வந்த லைன்பேக்கர். கடிகாரம் 15ஐத் தாண்டியதும், ரையன்ஸின் பழைய காணொளியில் கண்டதுபோலவே, அவரும் திரும்பிக் கையை நீட்டிச் சக வீரரை ஓரடி நகர்த்துவதைக் காண்பீர்கள்.