தில்லியில் குளிர்காலக் கல்யாணம்: கையில் இருக்கும் ஒரு பகலை எப்படிச் செலவிடுவது?

தில்லியில் பெரும்பாலான கல்யாணங்கள் ராத்திரியில்தான் நடக்கும். ‘பராத்’ எனும் மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேரவே ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். அக்கினியை வலம் வரும்போது பல வீடுகளில் நள்ளிரவு தாண்டியிருக்கும். ஆக, அன்றைய பகல் முழுக்க உங்களுடையது. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற சில ருசிகளுக்காக அதைப் பழைய தில்லியில் செலவிடுங்கள் என்பேன்.

1. தேதியைப் பாருங்கள்

டிசம்பர் பாதியிலிருந்து பொங்கல் வரை, நம் மார்கழியைப் போலவே அங்கும் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் உங்கள் அழைப்பு நவம்பரிலோ டிசம்பர் தொடக்கத்திலோ தை பிறந்த பிறகோ இருக்கும். நவம்பர் என்றால் காற்று மாசு அதிகம், என்-95 முகக்கவசம் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி என்றால் ராத்திரியில் 7 டிகிரி வரை இறங்குவது சகஜம். குடியரசு தினத்தை ஒட்டி வந்தால் செங்கோட்டைப் பக்கம் கெடுபிடி இருக்கும்.

2. உடுப்பு

பந்தல் பெரும்பாலும் திறந்த புல்வெளியில்தான். பட்டுப்புடவைக்கு உள்ளே தெர்மல், மேலே முழுக்கை ரவிக்கை, கூடவே நல்ல சால்வை. குழந்தைகளுக்குக் குல்லாவும் காலுறையும். சரி, இது போதும்.

3. காலையில் சாந்தினி சவுக்

சாந்தினி சவுக் பழைய தில்லியின் பெரிய கடைவீதி. மெட்ரோ மஞ்சள் தடத்தில் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை.

முதலில் கினாரி பஜார் சந்துக்குள் போய் ‘தௌலத் கி சாட்’ விற்பவரைத் தேடுங்கள். சாட் என்ற பெயரைப் பார்த்துக் காரம் என்று நினைக்க வேண்டாம், இது இனிப்பு. பாலை ராத்திரி முழுக்கப் பனியில் வைத்து, விடியும் முன் கடைந்து, பொங்கி வரும் நுரையை மட்டும் வழித்து எடுக்கிறார்கள். அதன்மேல் குங்குமப்பூ, கோவா, பொடித்த சர்க்கரை, பிஸ்தா. வாயில் வைத்ததும் கரைந்துவிடும். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும் என்பதால் கோடையில் இதைச் செய்ய முடியாது. என்னைக் கேட்டால், இதற்காகவே சீக்கிரம் எழுந்து போகலாம்.

புடவைக்கு ஜரிகைக் கரை வாங்க நினைப்பவர்களுக்கும் கினாரி பஜார்தான் இடம். அப்புறம் தரீபா கலான் தெரு முனையில் நெய்யில் பொரித்த தடித்த ஜிலேபி. கொஞ்ச தூரம் நடந்தால் சீஸ்கஞ்ச் குருத்வாரா. 1675-இல் சீக்கியர்களின் ஒன்பதாம் குரு தேக் பகதூர் உயிர் நீத்த இடம் இது. செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டு உள்ளே போங்கள். ‘லங்கர்’ எனும் இலவச உணவுக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். கூட்டத்துக்குத் தயங்கும் பெரியவர்கள் உடன் வந்தால், தென் தில்லி ஆர்.கே. புரத்தில் தமிழர்கள் கூடும் மலை மந்திர் எனும் சுவாமிநாத சுவாமி முருகன் கோயிலுக்கு அவர்களை அழைத்துப் போகலாம்.

4. மதிய வெயில்

தில்லிக்காரர்கள் குளிர்கால மதியத்தில் வெயில் காய்வதை ஒரு சுகமாகவே வைத்திருக்கிறார்கள். ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் உள்ள சுந்தர் நர்சரி பூங்காவிலோ, கட்டணமில்லாத லோதி தோட்டத்திலோ போர்வை விரித்து உட்காருங்கள். வழியில் கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை வெட்டி, மசாலா தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். அதை விடாதீர்கள். நான்கு மணிக்கெல்லாம் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம் போட்டால்தான் ராத்திரிக்குத் தாங்கும்.

5. ஊருக்கு வாங்குவது

சிவப்புக் கேரட்டில் செய்யும் அல்வாவை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், வழியில் கெட்டுப்போகலாம். எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக், ரேவ்டி இரண்டும் பல நாள் தாங்கும்.

திரும்பும்போது விடிகாலை விமானம் வேண்டாம். ஜனவரி மூடுபனியில் விமானமும் ரயிலும் மணிக்கணக்கில் தாமதமாகும். மதியத்துக்கு மேல் புறப்படும் டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.