பாராசூட் படை: இறக்கிவிட்டால் வேலை முடிந்ததா?

சாலையே இல்லாத வட்டாரத்துக்குப் படை அனுப்பத் திட்டம் போடச் சொன்னால், புதியவர்கள் முதலில் விமானத்தையும் ஆளையும் எண்ணுகிறார்கள். இடறுவது அங்கே இல்லை.

வெட்டவெளியின் நீளம்

சி-130 போக்குவரத்து விமானத்தில் 64 பேர், இரண்டு கதவு, கதவுக்கு 32, நொடிக்கு ஒருவர் என்று வையுங்கள். விமானம் நொடிக்குச் சுமார் 67 மீட்டர் போகும். கடைசி ஆள் குதிப்பதற்குள் 2 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். காட்டுக்கு நடுவே 600 மீட்டர் வெளிதான் என்றால் ஒரு சுற்றில் கதவுக்கு ஒன்பது பேர். ஆக நான்கு சுற்று. இரண்டாவது சுற்றிலேயே எதிரி விழித்துவிடுவான்.

ஆள் ஒரு பாராசூட் குடையில், ஆயுதம் இன்னொன்றில்

கிரேக்கத்தின் கிரீட் தீவு, 1941 மே. தனியாகப் போடப்பட்ட ஆயுதப் பெட்டியைத் தேடி ஓடியபோதே ஜெர்மன் வீரர்கள் பலர் சுடப்பட்டார்கள்.

ஓடுபாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

எரிச்சலூட்டுவது இதுதான். ஆளுக்கு 5 லிட்டர் என்றாலும் 600 பேருக்குத் தண்ணீர் மட்டுமே நாளுக்கு 3 டன். அந்தக் கால டகோட்டா சரக்கு விமானம் ஒன்றின் சுமையைவிட அதிகம். காயம்பட்டவனைக் குடை கட்டி மேலே அனுப்பவும் முடியாது.

நியூ கினித் தீவின் நாட்ஸாப்பில், 1943 செப்டம்பர் 5 அன்று பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். ஓடுபாதையைச் சீர்செய்யும் ஆட்கள் அதே நாளில் மார்க்கம் ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்தார்கள். மறுநாளே விமானம் இறங்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பர்மாவின் 'பிராட்வே' வெளியில், புல் மறைத்த பள்ளங்களில் கிளைடர்கள் (இயந்திரமில்லாமல் மிதந்து இறங்கும் விமானங்கள்) மோதி நொறுங்கின. தேக்குமரம் இழுத்த தடங்கள் அவை. புல்டோசரும் கிளைடரிலேயே வந்திருந்ததால் மறுநாள் இரவு டகோட்டாக்கள் இறங்கின.

வியட்நாமின் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் ஓடுபாதையை மறக்கவில்லை. 1953 நவம்பரில் குதித்ததுமே சீரமைத்தார்கள். சுற்றியிருந்த மலைகளைத்தான் விட்டுவிட்டார்கள். 1954 மார்ச்சில் அங்கிருந்து எதிரியின் பீரங்கி முழங்கியது. மாதம் முடிவதற்குள் ஓடுபாதை செத்தது. பிறகு எல்லாம் குடையில்தான். விமான எதிர்ப்புச் சூட்டுக்குப் பயந்து உயரத்திலிருந்து போட்டதில் பல மூட்டைகள் எதிரி பக்கம் விழுந்தன. மே 7 அன்று முகாம் வீழ்ந்தது. ஓடுபாதை என்று வரைபடத்தில் கோடு போடும்போதே, அதைப் பார்த்துச் சுடக்கூடிய ஒவ்வொரு மேட்டுக்கும் ஆள் ஒதுக்க வேண்டும். ஆள் போதாதென்றால் வேறு பள்ளத்தாக்கு.

உயரமான இடம்

3,000 மீட்டரில் காற்று கால்வாசி மெலிந்திருக்கும். குடை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேகமாக இறங்கும், கணுக்கால் முறியும். விமானமும் குறைந்த சுமையோடுதான் கிளம்பும்.